வெயிலுக்கு எடைக்கல்

தேரடி வீதியில் பருப்பு வாங்கும்போது எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது விவரமறிந்த குடும்பஸ்தரின் வழக்கம். மின்தராசு வந்துவிட்ட இக்காலத்திலும் முத்திரை ஒழியவில்லை. பருப்புக்கு எடைக்கல் உண்டு, வெயிலுக்கு உண்டோ?

வெயிலில் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கிரணங்கள் கலந்திருக்கின்றன. அளவோடு பட்டால் அவற்றால் உடலில் 'டி' வைட்டமின் உண்டாகிறது. மிகுந்தால் தோலுக்கும் கண்ணுக்கும் கேடு. ஆகாயத்திலுள்ள ஓஸோன் வாயு அவற்றுள் கொடியவற்றைத் தடுத்துக் காக்கிறது. அவ்வளவு ஓஸோனையும் தரைமட்டத்துக் காற்றழுத்தத்தில் திரட்டிப் பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர் கனமே தேறும்!

ஓஸோன் மிகுதியாக விழுங்கும் ஒரு கிரணத்தையும், குறைவாக விழுங்கும் மற்றொன்றையும் ஒப்பிட்டு அதன் அளவைக் கூறும் கருவியை ஆக்ஸ்போர்டில் டாப்ஸன் என்னும் விஞ்ஞானி அமைத்தார். 1928-ஆம் ஆண்டையொட்டி அக்கருவிகளுள் ஒன்று நமது கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. இங்கே எடுத்த புகைப்படத் தகடுகள் ஆக்ஸ்போர்டுக்கே அனுப்பி அளக்கப்பட்டன.

ஆயினும் கருவி மெய்தான் சொல்லுகிறது என்பதற்கு என்ன சாட்சி? காற்றே இல்லாத இடத்தில் அது என்ன காட்டும் என்பது தெரிய வேண்டும். அதற்காக வானவெளிக்குப் பறக்க வேண்டுவதில்லை. உச்சிச் சூரியனின் கிரணம் கடக்கும் காற்றைப்போல் இரு மடங்கைக் கடந்து வருகிறது, 30 பாகை உயரத்தில் நிற்கும் சூரியனின் கிரணம். மாசற்ற ஒரு நாளில் காலை முதல் நண்பகல் வரை அளந்து, காற்றின் அளவு குறையக் குறையக் கிரணம் வலுப்பதைக் கோடாக வரைந்து, அக்கோட்டைக் காற்று பூஜ்யமாகும் இடம் வரை நீட்டினால் விடை கிடைக்கும். ஹவாய்த் தீவில் சுமார் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள மௌனா லோவா நிலையத்தில் 83-ஆம் எண் டாப்ஸன் கருவி இவ்வாறே சோதிக்கப்பட்டு, 1980-இல் உலகப் பிரமாணமாயிற்று. மற்றக் கருவிகளுக்கு எடைக்கல் அதுவே.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. தென்துருவத்தில் வசந்தகால ஓஸோன் மிகவும் குறைந்துவிட்டதென்று 1985-இல் ஆங்கில விஞ்ஞானிகள் அறிவித்தனர். கருவி கெட்டிருக்குமோ என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. வேறு கருவி வைத்துப் பார்த்தும் குறைவு குறைவாகவே நின்றது. 1987-இல் தேசங்கள் கூடி, ஓஸோனை அழிக்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியாலில் உடன்படிக்கை செய்துகொண்டன. பாரத தேசமும் 1992-இல் அதில் சேர்ந்தது.

சித்திரை வெயிலில் கிரிவலம் புறப்படுமுன் கைபேசியில் புற ஊதா எண்ணைப் பார்க்கும் நேயர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். அந்த எண் பெரும்பாலும் கணக்கிட்டுச் சொல்லப்படுவது. கணக்கைத் திருத்துவது தரையில் நிற்கும் கருவி. கருவியைத் திருத்துவது, மலைமேல் காத்திருந்து சூரியனை அளந்த மனிதரின் பொறுமை.