வேலிக்குப் பூசினது எங்கே போகும்?

34 வருடம் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான். ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆகணும். இந்தப் பழைய பாடத்தை ஓய்வுபெற்ற பிறகு என் வீட்டு வேலியிடம் மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. நம் உழவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டை ஒட்டிப் பத்து சென்ட் காய்கறித் தோட்டம். ஆடு நுழையாமலிருக்க சவுக்குக் கால் நட்டு, குறுக்கே ரீப்பர் அடித்து வேலி போட்டேன். வேலை முடிந்ததும் தச்சர் சொன்னார்: "சார், இப்படியே விட்டா ரெண்டு வருசத்துல கரையான் தின்னுடும். பைக் கடையில கழிவு ஆயில் வாங்கி ரெண்டு கோட்டு அடிங்க. செலவே இல்ல, கலரும் கறுப்பா நல்லா இருக்கும்."

ஊரெல்லாம் செய்கிற வேலைதானே? பத்து லிட்டர் வாங்கி நானே பூசினேன். வேலியும் பளபளவென்றுதான் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. மறுநாள் காலையில் பார்த்தால், வேலியோரப் பாத்தியில் தேங்கின தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். அந்தப் பாத்தியில்தான் முளைக்கீரை இருந்தது. என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏங்க, கடைக்கீரையில மருந்து இருக்குன்னுதானே நாம இதைப் போட்டோம். இப்ப இதைப் பேத்திக்குக் கடைஞ்சு குடுக்கலாமா?"

என்னிடம் பதில் இல்லை. கீரையைப் பிடுங்கினேன். மாட்டுக்குப் போட மனம் வரவில்லை, உரக்குழியிலும் போட முடியாது. வேலியோரம் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தோம். அதை எங்கே கொட்டுவது? யார் நிலத்தில் கொட்டினாலும் அதுவும் மண்தானே. சாக்கில் கட்டிக் கொட்டகை மூலையில் வைத்தது இன்றும் அங்கேயே இருக்கிறது. பிடுங்கின பழைய கால்களும் பக்கத்திலேயே கிடக்கின்றன. அவற்றை அடுப்பெரிக்கவும் முடியாது.

கழிவு ஆயில் வெறும் பழைய எண்ணெய் இல்லை. இன்ஜினுக்குள் ஓடி ஓடி உலோகத் துகளும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கரிமச் சேர்மங்களும் சேர்ந்த சரக்கு அது. மத்திய அரசின் 2016 ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருவது. பூச்சிக்கொல்லி டப்பாவை வாசலோடு திருப்பி அனுப்புகிற நாம், இதைக் கேன் கேனாக வாங்கித் தோட்டத்துக்குள் கொண்டுவருகிறோம்.

பழைய ஜன்னல், கதவுப் பலகையை வேலிக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற விதியே 2016இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டைச் சுரண்டினால் விழும் தூளில் ஈயம் இருக்கலாம். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஏற்றின கம்பங்களும் உண்டு. ஆர்சனிக் ஏற்றின மரத்தைப் புதிதாக மண்ணிலோ கால்நடை தொடும் இடத்திலோ நடக் கூடாது என்று அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளே சொல்கின்றன. கம்பம் வாங்கும்போது என்ன மருந்து ஏற்றியது என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, வேலிக்கு என்னதான் பூசுவது? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

மரம் முதலில் மண்மட்டத்தில்தான் மக்கும். ஈரமும் காற்றும் அங்கேதான் சேர்ந்து இருக்கின்றன. அதனால் பட்டை உரித்துக் காயவிட்ட கால்களின் அடிப்பகுதியை, மண்ணுக்கு மேலே ஒரு சாண் வரும்வரை, மேலே கரி பிடிக்கச் சுட்டு நடுகிறேன். குழியின் அடியில் சரளை போடுகிறேன். காலின் தலையைச் சாய்வாக வெட்டிவிட்டால் மழைத்தண்ணீர் நிற்காது. இதற்கெல்லாம் காசே இல்லை.

மேல்பூச்சுக்கு எங்கள் பக்கம் கிடைக்கிற, முந்திரி ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய். படகுக்கும் மரச்சாமானுக்கும் பூசிப் பழகின பொருள்தான். கரையானும் அண்டாது, நல்ல கருஞ்சிவப்பு நிறமும் வரும். ஆனால் பச்சை எண்ணெய் தோலில் பட்டால் வெந்து கொப்புளம் போடும். கையுறை கட்டாயம். கீழே சாக்கு விரித்து, சித்திரை வெயிலில், பக்கத்தில் பயிர் இல்லாத நேரமாகப் பார்த்து மெல்லிசாகப் பூசணும். நன்றாகக் காயும்வரை குழந்தைகளை அண்டவிடக் கூடாது.

இது கிடைக்காத ஊரில் ஆளிவிதை எண்ணெயில் காவியைக் குழைத்துப் பூசலாம். 'டபுள் பாயில்டு' என்று விற்பதில் சீக்கிரம் காய உலோக உப்பு சேர்ப்பது உண்டு. பச்சை எண்ணெயாகவே கேளுங்கள், காய நாளாகும். ஒரு எச்சரிக்கை: ஆளி எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத்தான் காயவைக்கணும். வேப்பெண்ணெய் இப்படிக் காய்ந்து இறுகாது, மழையில் போய்விடும்.

"இதெல்லாம் கழிவு ஆயில் மாதிரி உழைக்குமா சார்?" என்று தச்சர் கேட்டார். உழைக்காதுதான். அவ்வப்போது மறுபூச்சு வேண்டும். சில கால்களை மாற்றவும் வேண்டியிருக்கும். வங்கியில் இதைத் தேய்மானம் என்று எழுதுவோம். மரம் மக்கினால் மண்ணாகும். அதை நஷ்டமாக நான் எழுதமாட்டேன். மண் கெட்டால்தான் அது வாராக்கடன்.

வயல் எல்லைக்கு இனி மர வேலியே வேண்டாம் என்று கிளுவைப் போத்தும் நொச்சியும் நட்டிருக்கிறேன். உயிர்வேலிக்குப் பூச்சே தேவையில்லை. வீட்டோரத்துக்கு மட்டும் மரம் போதும்.

நம் கூட்டங்களில் ஒருவர் பண்ணைக்கு ஒருவர் போகிறோம். உரக்குழி பார்க்கிறோம், விதை பார்க்கிறோம், மண்புழு பார்க்கிறோம். அடுத்த முறை போகும்போது வேலியையும் தொட்டு, "இதுக்கு என்ன பூசினீங்க?" என்று கேளுங்கள். என் வீட்டுக்கு வந்தால் அந்தச் சாக்கு மூட்டைகளையும் காட்டுகிறேன்.