தூண் பிளப்பதற்கு முன்னால்...



வலங்கைமான் என்றதும் பாடைக்காவடித் திருவிழாவும் வாணவெடிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கிருந்து மேற்கே சற்றுத் தொலைவில், தஞ்சை மாவட்டத்தில் இருக்கிறது மெலட்டூர். ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே 'பாகவத மேளா' நடக்கிறது. பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த நாடகம் இது. பெண் வேடத்தையும் ஆண்களே போடுவார்கள். முதலில் கோணங்கி வந்து குதித்து ஆடுவார். அடுத்து, யானைமுக முகமூடி அணிந்த சிறுவன் பிள்ளையாராக வருவான். அதன் பிறகு விடிய விடியப் பிரகலாதன் கதை! சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இதைத் தெலுங்கில் எழுதியவர் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி. நாயக்கர் காலம் முதலே தஞ்சையில் தெலுங்குக்குச் செல்வாக்கு இருந்ததுதான் காரணம்.

இந்த நாடகத்தைக் கார்ட்டூன் படமாக எடுத்தால் எப்படி இருக்கும்?

தூண் பிளப்பதையும் சிங்கமுகம் சீறுவதையும் பிரமாண்டமாகக் காட்டலாம். 2025-ல் அஸ்வின் குமார் இயக்கிய 'மகாவதார் நரசிம்மா' அனிமேஷன் படம் இதே பிரகலாதன் கதையைத்தான் காட்டியது. தூரத்து ஊர்ப் பிள்ளைகளும் பார்க்க முடிவது படத்தின் நன்மை.

ஆனால், எதை வேண்டுமானாலும் வரையலாம் என்பதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'தி கிங் அண்ட் ஐ' என்பது 1951-ல் அமெரிக்காவில் அரங்கேறிய புகழ்பெற்ற இசை நாடகம். சயாம் அரண்மனையில் நடக்கும் கதை. 1999-ல் அதைக் கார்ட்டூன் படமாக்கினார்கள். குரங்கையும் டிராகனையும் புதிதாகச் சேர்த்தார்கள். நாடகத்தின் பாட்டுகள் பலவற்றை வெட்டிவிட்டார்கள். நாடகம் பெற்ற புகழைப் படம் பெறவில்லை.

இசை நாடகத்துக்குப் பாட்டுதான் உயிர். பிரகலாதனுக்குத் துன்பம் வரும்போது அவன் தாய் கலங்கிப் பாடுவாள். கதை அங்கே நகராது. ஆனால் பார்ப்பவர் மனம் நெகிழும். தூணிலிருந்து நரசிம்மர் வரும்போது மெய்சிலிர்ப்பதற்குக் காரணம், அதற்கு முன் இரவெல்லாம் கேட்ட அந்தப் பாட்டுகள்தான். "பாட்டு நீளம், வெட்டிவிடுவோம்" என்றால் மிஞ்சுவது வெறும் சண்டைக் காட்சி!

உங்களில் பலர் நன்றாகப் படம் வரைகிறீர்கள். நாளை நீங்களே கார்ட்டூன் படம் எடுக்கலாம். ஒரு நொடிக்கு 24 படங்கள் என்றால், மூன்று நிமிடப் பாட்டுக்கு 4,320 படங்கள் வேண்டும். அவ்வளவு உழைக்கும் முன், அந்தப் பாட்டை முழுதாகக் கேட்க வேண்டாமா?

நரசிம்ம ஜெயந்தி பெரும்பாலும் மே மாதத்தில், கோடை விடுமுறையில்தான் வரும். பெரியவர்களோடு மெலட்டூருக்குப் போய்வாருங்கள். முடியாதவர்கள் உங்கள் ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' போட்டால், தூக்கம் வந்தாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். மறுநாள், மனதில் நின்ற ஒரு பாட்டை மட்டும் ஆறு படங்களாக வரைந்து பாருங்கள்.

மேடையில் ஆட ஆளும், எதிரே பார்க்க ஆளும் இருந்தால்தானே, நாளைக்கு நாம் வரைவதற்குக் கதை இருக்கும்!

அன்புடன்,
ஆசிரியர்