பனிமலைப் பெண்களும் நம் வீட்டுச் சடங்கும்

நமது நாஞ்சில் நாட்டில் பனி என்றால் மார்கழி விடியலில் வயல் வரப்பில் கால் நனைவதுதான். அப்படியிருக்க, பனிமலையில் பெண்கள் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி இங்கு எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு.

ஸ்லோப்ஸ்டைல் என்பது அந்த விளையாட்டின் பெயர். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துக் கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்கி, வழியிலுள்ள கம்பிகளின் மேல் சறுக்கி, மேடுகளிலிருந்து ஆகாயத்தில் எழும்பிச் சுழன்று, மறுபடியும் விழாமல் தரையில் நிற்க வேண்டும். நடுவர்கள் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். 2014-ல் ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டபோதே ஆண், பெண் இருபாலாருக்கும் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் ஜேமி ஆண்டர்சன் 2014-லும் 2018-லும் தங்கம் வென்றார். 2022-ல் நியூசிலாந்தின் ஜோயி சடோவ்ஸ்கி-சின்னாட் என்ற பெண் கடைசி ஓட்டத்தில் 92.88 வாங்கி ஜெயித்தார். குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தத் தேசத்துக்குக் கிடைத்த முதல் தங்கமே அதுதான்.

வெள்ளைக்காரர்கள் புத்தியோடு பிறந்தவர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. 1928-ல் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்துவிட்டு, களைத்து விழுகிறார்கள் என்று கூச்சலிட்டு, 1960 வரை அதை நிறுத்தி வைத்தவர்களும் அவர்களே. பனிமேட்டிலிருந்து தாவும் போட்டி ஆண்களுக்கு 1924 முதலே உண்டு. பெண்களுக்கோ 2014-ல்தான் கிடைத்தது. அது வைத்திய ரீதியில் பெண்களுக்குப் பொருந்தாது என்று சர்வதேசப் பனிச்சறுக்குச் சங்கத்தின் தலைவரே 2005-ல் பேசினார். இங்கே மனுவின் பேரால் சொல்லும் புரட்டை அங்கே வைத்தியத்தின் பேரால் சொன்னார்கள். பெண்கள் தாவிக் காட்டிய பிறகு அந்த வைத்தியம் வாயடைத்துப் போயிற்று.

நிற்க, பனியில்லாத நம் நாட்டில் என்ன செய்வது? பலகைக்குச் சக்கரம் வைத்தால் போகிறது! மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலி மூர்த்தி அப்படித்தான் ஸ்கேட்போர்டு ஏறினாள். அவளையும் அவள் தாயையும் பற்றி 2019-ல் வந்த படம் இங்கிலாந்தின் பாஃப்டா பரிசுக்கான பட்டியல் வரை போயிற்று. பின்னர் கடல் அலை மேலும் பலகை ஏறி, தேசியப் போட்டிகளில் வென்றாள். எந்தக் குலதெய்வமும் கோபிக்கவில்லை.

இனி நமது வீட்டுக்கு வருவோம். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வரும் பெண், வயதுக்கு வந்ததும் சடங்கு நடத்தி மூலையில் உட்கார வைக்கப்படுகிறாள். அதன்பின் மைதானம் கிடையாது. கேட்டால், "கால் தெரிய ஓடுவது நம் கலாசாரமா?" என்கிறார்கள்.

அன்பர்களே, இதே மண்ணில் நம் பாட்டிமார் மார்பை மூடியது குற்றமென்று அவர்களது மேல்சீலையைக் கிழித்தார்கள். அன்று தென்திருவிதாங்கூரில் அதுதான் கலாசாரம்! பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859-ல் நாடார் பெண்களுக்கு ரவிக்கை போட அரசு அனுமதி கொடுத்தது. அப்போதும் மேல்ஜாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்று நிபந்தனை வேறு. அன்று மூடினால் தப்பு. இன்று முழங்கால் தெரிந்தால் தப்பு. ஆகவே சங்கதி துணியைப் பற்றியதே அல்ல. பெண்ணின் உடம்புக்கு யார் எஜமான் என்பதுதான் சங்கதி.

விழுந்தால் எலும்பு முறியாதா என்பீர்கள். முறியும், ஆணுக்கும் முறியும். தென்னை ஏறுகிறவனை அதற்காக நாம் வீட்டில் பூட்டி வைக்கிறோமா?

ஆகையால் தாய் தந்தையரைக் கேட்டுக் கொள்கிறோம்: சடங்குக்குப் பந்தல் போட்டு விருந்து வைக்கும் பணத்தில் உங்கள் பெண்ணுக்கு ஒரு ஜோடி ஓட்டச் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். பள்ளி திறந்ததும் அவளை மறுபடியும் மைதானத்துக்கு அனுப்புங்கள். அவள் ஜெயிப்பாளோ, தோற்பாளோ, அது அவள் பாடு. ஓடக்கூடாது என்று சொல்ல மட்டும் எவனுக்கும் யோக்கியதை கிடையாது.