விரும்பி வந்தவர்கள் என்பதால் பொறுப்பு தீர்ந்துவிடாது

சிங்கப்பூரில் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் நலன் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தி அழைத்து வரவில்லை. ஊரில் கிடைப்பதைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறார்கள். தேவையானதை முதலாளி பார்த்துக்கொள்கிறார். இதற்கு மேல் செய்தால் செலவு எல்லோர் தலையிலும் விழும். தமிழ்நாட்டிலும் இதையே வேறு விதமாகச் சொல்கிறோம்: கஷ்டமாக இருந்தால் திரும்பி வந்துவிட வேண்டியதுதானே? கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்பவர்களில் நம் ஊர் இளைஞர்கள் ஏராளம் என்பதால் இந்த வாதத்தை நாமும் உரசிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அதன் நான்கு பகுதிகளில் ஒன்றுகூட நிற்காது.

முதலில், விரும்பி வந்தார்கள் என்பது. கிளம்பியது அவர்கள் விருப்பம்தான். அதை மறுப்பது அவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும். ஆனால் அந்த விருப்பம் எந்த நிலையில் பிறக்கிறது? வேலைக்கான திறன் தேர்வு எழுத, அதாவது டெஸ்ட் அடிக்க, பயிற்சி மையத்துக்கு ஒரு தொகை, ஏஜெண்டுக்கு ஒரு தொகை என்று நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ சில லட்சங்கள் கட்டிவிட்டுத்தான் பலர் விமானம் ஏறுகிறார்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய். சிங்கப்பூர் ஏஜென்சி இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஊழியரிடம் வாங்கக் கூடாது. இந்த இரண்டு வரம்புகளுக்கும் வெளியே நிற்கும் ஊர்த் தரகரிடம்தான் பெரும்பணம் போகிறது. வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் இந்தியப் பட்டியலில் மலேசியாவும் வளைகுடா நாடுகளும் உண்டு, சிங்கப்பூர் இல்லை. ஆகவே அந்த அனுமதிக்கான சோதனையும் இவர்களுக்குக் கிடையாது. கடனோடு இறங்குபவருக்குத் திரும்பிப் போவது என்பது பெயரளவிலான வழி மட்டுமே. இன்னொன்றும் இருக்கிறது. அவர் ஒப்புக்கொண்டது குறிப்பிட்ட வேலைக்கும் குறிப்பிட்ட சம்பளத்துக்கும். சம்பளம் நிலுவையில் நிற்பதற்கோ, பாதுகாப்பு இல்லாத சாரத்தில் ஏறுவதற்கோ அவர் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. ஒப்பந்தம் மீறப்படும்போது, ஒப்புக்கொண்டுதானே வந்தாய் என்று கேட்பது நியாயமான பதிலாகாது.

இரண்டாவது, சம்பள ஒப்பீடு. ஊரைவிட அதிகம் என்பது அவர் ஏன் வந்தார் என்பதை விளக்கும். அவருக்கு என்ன சேர வேண்டும் என்பதை விளக்காது. சிங்கப்பூரில் எல்லோருக்குமான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லை. படிப்படியான சம்பள உயர்வு முறை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. அதேவேளை, 2024 ஜனவரி முதல் கட்டுமானத்தில் ஓர் ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாத லெவி, அவரது திறன் நிலையைப் பொறுத்து 500 அல்லது 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பலரது அடிப்படைச் சம்பளத்துக்குக் குறையாத தொகை இது. அவரது உழைப்பின் மதிப்பு கைக்கு வரும் சம்பளத்தைவிட எவ்வளவோ பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மேலும், பணம் எல்லாவற்றையும் வாங்கித் தராது. எங்கே தங்குவது, ஓர் அறையில் எத்தனை பேர் என்பதை ஊழியர் முடிவு செய்வதில்லை. 2020-இல் பெரும் விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு, பதினாறு பேர் ஈரடுக்குக் கட்டில்களில் படுத்திருந்தார்கள். கழிப்பறையும் சமையலிடமும் பொது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குக் கொரோனா தொற்றியிருந்தது என்று அரசே அறிவித்தது. ஊரைவிட அதிகமாக வாங்கிய சம்பளத்தால் இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஓரடி இடைவெளிகூடக் கூடவில்லை.

மூன்றாவது, முதலாளி பார்த்துக்கொள்வார் என்பது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது: தங்குமிடமும் மருத்துவச் செலவும் முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல் மருத்துவக் காப்புறுதியின் வரம்பும் ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் செலவு செய்ய வேண்டியவரும் வேலை அனுமதியான பர்மிட்டை ரத்து செய்யக்கூடியவரும் ஒரே ஆள். கட்டுமானத் தொழிலாளி முதலாளியின் சம்மதமின்றி வேறு கம்பெனிக்கு மாற, பொதுவாக, பர்மிட் முடிவதற்கு முந்தைய 40-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரையிலான சிறிய இடைவெளிதான் உண்டு. கை நசுங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் விடுப்பு எழுதினால் ஓவர்டைம் போகும். மனிதவள அமைச்சில் புகார் செய்தால் பர்மிட் போகலாம். பர்மிட் போனால் ஊரில் கடன் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவர் வலியைப் பொறுத்துக்கொண்டு மறுநாள் லாரி ஏறுகிறார். புகார்கள் குறைவு என்பதைத் திருப்திக்கு அடையாளமாகக் காட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

நான்காவது, செலவு. இதுதான் எதிர்ப்பின் உண்மையான வலு. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. லாரியின் பின்தட்டில் ஆட்களை ஏற்றிச் செல்வதை நிறுத்தச் சொன்னால், பேருந்தும் ஓட்டுநரும் போதாது, சிறு கம்பெனிகள் தாங்காது என்கிறார்கள். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் நின்றிருந்த டிப்பர் மீது லாரி மோதி இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். அதன் பிறகும் இருக்கையும் பெல்ட்டும் இல்லாத அந்தப் பயணம் சட்டப்படி தொடர்கிறது. செலவு என்பது விதி வந்த பிறகு புதிதாக முளைப்பதில்லை. அதுவரை அதை ஊழியர் தம் உடலால் கட்டி வருகிறார். 2020-இல் நெரிசலான விடுதிகளின் விலையை நாடே கொடுத்தது: கட்டுமானம் நின்றது, வீட்டுக்குக் காத்திருந்த குடும்பங்கள் மேலும் காத்திருந்தன. அதற்குப் பிறகு புதிய விடுதிகளுக்கு அறைக்குப் பன்னிரண்டு பேர், ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்று தரம் வகுத்தார்கள். பழைய விடுதிகள் 2030-க்குள் இடைக்காலத் தரத்துக்கு மாற வேண்டும். தொழில் படுத்துவிடவில்லை. அவகாசம் கொடுத்து, தேதி குறித்து, உதவி செய்தால் மாற்றம் நடக்கும் என்பதற்குச் சிங்கப்பூரே உதாரணம். லாரிக்கும் அப்படியொரு தேதியைக் குறிக்கலாம். சிறு கம்பெனிகளுக்கு உதவ லெவிப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம்.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. வேலைக்கு ஆள் எடுக்கும் செலவை எடுப்பவரே ஏற்க வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் எந்த நாளிலும் கம்பெனி மாறும் உரிமை வேண்டும். லாரிப் பயணத்துக்கு முடிவுத் தேதி வேண்டும். தமிழ்நாடு தன் பங்குக்கு, ஊர்த் தரகர்கள் மீதும் பயிற்சி மையக் கட்டணங்கள் மீதும் கண்காணிப்பை இறுக்க வேண்டும். இவற்றைச் சலுகை என்று அழைக்காதீர்கள். ஒரு நாட்டைக் கட்டித் தருபவர்களுக்கு அந்த நாடும், அவர்களை அனுப்பி வைத்த ஊரும் சேர்ந்து தீர்க்க வேண்டிய கடன் இவை.