ஓடிபி யாருக்கு வரும்?

அண்மையில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போயிருந்தோம். பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள், அப்பா இறந்து அம்மா செங்கல் சூளைக்குப் போய்விட்டவர்கள், கரும்பு வெட்டப் போன குடும்பத்துப் பிள்ளைகள் என முப்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். பெரும்பாலும் நம் காலனிப் பிள்ளைகள். அலுவலக அறையின் மூலையில் நான்கு கணினிகள் துணி போர்த்திக் கிடந்தன. யாரோ நன்கொடையாகக் கொடுத்தவை. "ஆய்வுக்கு ஆபீசருங்க வந்தா திறப்பாங்க" என்றார் சமையல் செய்யும் அக்கா, வெள்ளந்தியாக. இணைய வசதி என்று கேட்டால் காப்பாளரின் செல்போன் ஒன்றுதான்.

பிள்ளைகள் படிக்கும் மூன்று பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுக்களும் அந்தச் செல்போனில்தான் இருக்கின்றன. மாலையில் காப்பாளர் வீட்டுப்பாடத்தை வாசிக்க, பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். அவருக்கு வேலை வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டுப்பாடம் இல்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள். செல்போனைக் காட்டினால் பாடத்தின் காணொளி விரியும். இந்தப் பிள்ளைகளுக்கு அது பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம், அவ்வளவே.

கிராமத்தில் எத்தனை வீட்டில் கணினி இருக்கிறது, இணையம் இருக்கிறது என்று அரசு கணக்கெடுப்பது உண்டு. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டிடமே கணினியும் 14.9 விழுக்காட்டிடமே இணைய வசதியும் இருப்பதாகச் சொன்னது. இந்த எண்களை நாமும் மேடைதோறும் பேசியிருக்கிறோம். ஆனால் அந்த ஆய்வின் விதிகளில், அநாதை இல்லங்கள் கணக்கெடுப்புக்கு வெளியே என்று எழுதியிருக்கிறது. அந்த 14.9க்குள்ளும் இந்தப் பிள்ளைகள் இல்லை, மீதிக்குள்ளும் இல்லை.

கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றம் இவர்களைத் திரும்பிப் பார்த்தது. பொதுமுடக்கம் தொடங்கியபோது நாடு முழுவதும் இல்லங்களில் 2,27,518 குழந்தைகள் இருந்ததாகவும், அவர்களில் 1,45,788 பேர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டதாகவும் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. இணையவழிக் கல்விக்குத் தேவையான வசதிகளை இல்லங்களுக்குச் செய்து தர வேண்டும், வீடு திரும்பிய குழந்தைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும் என்று 2020 டிசம்பர் 15 அன்று உத்தரவு வந்தது. பிறகு பள்ளிகள் திறந்தன. பேச்சு அதோடு நின்றது.

கருவி மட்டும் வாங்கிக் கொடுத்தால் தீர்கிற சிக்கலா இது? இன்று படிப்பு சார்ந்த ஒவ்வொரு வாசலும் ஒரு செல்போன் எண்ணைக் கேட்கிறது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழிக்கு மாறிவிட்டது. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம், வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு வரும் பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகை எல்லாவற்றுக்கும் ஓடிபி வேண்டும். வீட்டில் செல்போனோடு ஒரு பெற்றோர் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக் கட்டிய ஏற்பாடு இது. பிளஸ் 2 முடிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் 17 வயது. 18 நிறையாதவர் பெயரில் சிம் கார்டு தரக் கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. ஆக, மிகவும் தேவைப்படும் அந்த மூன்று மாதத்தில் இல்லத்துப் பிள்ளைக்குச் சொந்த எண் இருக்க வழியே இல்லை.

இல்லத்தில் வளர்ந்த ஒரு மாணவி நம்மிடம் வந்தார். நல்ல மதிப்பெண். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிந்தபோது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தால் இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். சித்தப்பா ரீசார்ஜ் செய்ய முடியாமல் அந்த சிம்மையே விட்டுவிட்டிருந்தார். குறுஞ்செய்தி யாரும் பார்க்காமல் கிடந்தது. இப்போது அவர் பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியில் படிக்கிறார். நன்றாகவே படிக்கிறார். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள், நல்லது. அந்தக் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே இவரைப் போன்றோர் தடுக்கி விழுகிறார்களே.

சாதிச் சான்றில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க யாருமின்றி, அரசின் அல்லது அரசு ஏற்பு பெற்ற இல்லத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சாதியே தெரியாத குழந்தைக்கு அது ஒரு கைத்தாங்கல். ஆனால் அப்பா இன்ன சாதி என்று ஊருக்கே தெரிந்த பட்டியல் சாதிக் குழந்தைக்கும், ஊருக்கு அலைய ஆளில்லை என்று அந்தச் சான்றையே வாங்கிக் கொடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். 18 விழுக்காட்டு இடஒதுக்கீடும், அதற்குள் அருந்ததியருக்கான 3 விழுக்காடும், உதவித்தொகையும், ஆதிதிராவிடர் நல விடுதியில் இடமும் அதோடு கைவிட்டுப் போகின்றன. இணையத்தில் ஒருமுறை ஏறிய சான்றை மாற்ற யார் அலைவது?

காப்பாளர்களின் அச்சத்தை நாம் தள்ளிவிடவில்லை. செல்போன் வழியாகப் பிள்ளைகளை வலையில் வீழ்த்துவோர் இருக்கிறார்கள். ஏதாவது நடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் காப்பாளர்தான். ஆனால் பிள்ளை கையில் செல்போன் ஆபத்து என்று சொல்லும் இல்லங்களிலேயே, பிறந்தநாள் கொண்டாட வரும் நன்கொடையாளர்கள் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் பிரிவு 74, இந்தக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. பூட்டியே வைப்பது பாதுகாப்பு ஆகிவிடாது. கேரளத்தில் கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் 10 வரை செல்போனுக்குத் தடை விதித்தார்கள். அதை ஏற்காத மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் வயது வந்தவர், பள்ளிப் பிள்ளைக்கு மேற்பார்வை வேண்டும்தான். பொது அறையில் கணினியை வைத்து, மாலையில் இரண்டு மணி நேரம் ஓர் ஆசிரியரை உட்கார வைத்தால் போதாதா?

அதே சட்டத்தின் பிரிவு 54இன்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழு ஒவ்வொரு இல்லத்துக்கும் வர வேண்டும். படுக்கையையும் கழிப்பறையையும் சமையலறையையும் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். கூடவே ஒவ்வொரு பிள்ளையின் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் யாருடைய எண் இருக்கிறது என்று கேட்கட்டும். காப்பாளர் மாறினாலும் மாறாத ஓர் எண் இல்லத்தின் பெயரில் இருக்க வேண்டும். கலந்தாய்வு நாட்களில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு தன் ஊழியர் ஒருவரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்க வேண்டும். பிள்ளை 18 முடித்து வெளியேறும் நாளில் சொந்த சிம், திருத்திய ஆதார், சரியான சாதிச் சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை.

நாம் கிளம்பும்போது பிளஸ் 2 படிக்கும் பெண் ஒருவர் வாசல்வரை வந்தார். மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று கேட்டோம். எழுத்து எழுத்தாக மனப்பாடமாகச் சொன்னார். எப்போது கடைசியாகத் திறந்து பார்த்தாய் என்றதும் சிரித்தார். "பாஸ்வேர்டு சார்கிட்ட இருக்குண்ணா."