வெயில் உபதேசம் போதும்

வைட்டமின் டி அளவைப் பார்க்கக் கர்ப்பிணிகளுக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனை தேவையில்லை, மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்று அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2024 ஜூனில் சொல்லிவிட்டது. நம் ஊர் ஆய்வகங்களின் 'கர்ப்பகாலப் பேக்கேஜ்' பட்டியலில் அந்தப் பரிசோதனை இன்னும் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. காசைக் கட்டி முடிவை வாங்கிய பெண்ணுக்குக் கூடவே ஓர் உபதேசமும் கிடைக்கும்: "காலையில கொஞ்ச நேரம் வெயில்ல நில்லும்மா."

இந்த உபதேசம் எவ்வளவு உதவும் என்பதற்கு லக்னோவிலிருந்து 2005-லேயே பதில் வந்துவிட்டது. சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் 207 கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். நகரத்துப் பெண்களில் 84.3 சதவீதம் பேருக்குக் குறைபாடு. கிராமத்துப் பெண்களில்? 83.6 சதவீதம். கிராமம் என்றால் வெயில், வெயில் என்றால் வைட்டமின் என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது. தாய்மார்களின் சராசரி மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம். தொப்புள்கொடி ரத்தத்தில் வெறும் 8.4. தாயிடம் இல்லாதது பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

காரணங்கள் ஊரறிந்தவை. கருத்த தோலுக்குக் கூடுதல் வெயில் வேண்டும். உடலை மூடும் உடை, வீட்டுக்குள்ளேயே வேலை, மீனும் முட்டையும் இல்லாத சாப்பாடு, வைட்டமினைக் கொழுப்பில் முடக்கிவைக்கும் உடல் பருமன் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. காலை ஏழு மணி வெயிலில் தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புறஊதாக் கதிர் சொற்பம். அது கிடைக்கும் உச்சிவேளையில், ஆறு மாத வயிற்றோடு மொட்டைமாடியில் நிற்கச் சொல்லும் துணிச்சல் யாருக்கு உண்டு?

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வைட்டமின் டி மாத்திரையைப் பரிந்துரைக்கவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வரியை ஆயுதமாக்குகிறவர்கள், குறைபாடு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் நாளுக்கு 200 யூனிட் தரலாம் என்ற அடுத்த வரிக்கு வருவதே இல்லை. நூற்றுக்கு 84 பேருக்குக் குறை என்றால் இதில் சந்தேகப்பட என்ன மிச்சம்? மைசூரில் நடந்த ஓர் ஆய்வில் தாயின் இந்தக் குறைபாட்டுக்கும் பிறந்த குழந்தையின் உடல் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லையே என்பார்கள். எடையும் நீளமும் மட்டும்தானா குழந்தை?

ஒன்றிய அரசின் 2014 வழிகாட்டி நல்ல ஏற்பாடுதான்: 14-வது வாரம் முதல் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை தினம் இரண்டு கால்சியம் மாத்திரை, ஒவ்வொன்றிலும் 250 யூனிட் வைட்டமின் டி. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடலில் சேராது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எடுத்துச்சொல்ல ஆளில்லாத இடத்தில் இரண்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றாகப் போகின்றன.

மாத்திரையை நம்பாத வழியும் உண்டு. வெயிலே கஞ்சத்தனம் காட்டும் பின்லாந்து என்ன செய்தது? 2003-ல் பாலிலும் ரொட்டியில் தடவும் மார்கரினிலும் வைட்டமின் டி சேர்க்கத் தொடங்கியது. 2010-ல் அளவை இரட்டிப்பாக்கியது. 2000-க்கும் 2011-க்கும் இடையில் அந்நாட்டுப் பெரியவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி-யின் சராசரி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. பிரசங்கம் இல்லை, மொட்டைமாடி இல்லை. இங்கே 2018-லேயே பாலுக்கு விதிமுறை வந்தும், சேர்ப்பதும் சேர்க்காததும் பால் நிறுவனங்களின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள்.

பாக்கெட் பாலில் வைட்டமின் டி சேர்ப்பதை ஒன்றிய அரசு உடனே கட்டாயமாக்க வேண்டும்; மாநிலங்கள் கர்ப்பகாலப் பேக்கேஜ்களிலிருந்து அந்தப் பரிசோதனையை நீக்க உத்தரவிட வேண்டும்.