களமே முதல்: ஏரியூர்க் கரையிலிருந்து ஒரு பேய்ப்படம்

குறுமுதலீட்டுப் பேய்ப்படம், அதாவது பெருநிறுவனப் பணமோ பெயர்பெற்ற நடிகரோ இன்றிச் சிறு குழுவொன்று கைப்பணத்தில் எடுக்கும் அச்சப்படம், தான் நிற்கும் நிலத்தையே முதலாகக் கொண்டு வாழ்ந்து வந்திருக்கிறது. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) இடிக்கப்படவிருந்த பண்ணைவீட்டில் உருவாயிற்று. ராம்சே சகோதரர்கள் 1972இல் ‘தோ கஸ் ஜமீன் கே நீச்சே’ படத்தைக் குடும்பத்தாரையே குழுவாக்கி மகாபலேஷ்வரில் எடுத்தனர். ஆயினும் தமிழ்ப் படைப்பாளிகள் ஆழ்ந்து பயில வேண்டியது பாஸ்கர் ஹசாரிகாவின் அசாமியப் படமான ‘கொதாநொதி’ (2015) ஆகும். லட்சுமிநாத் பெஸ்பருவா தொகுத்த பாட்டிக்கதைகளிலிருந்து எழுந்த அதில், மகளை மலைப்பாம்புக்கு மணமுடிக்கும் தாயும், தான் ஈன்ற காய் பின்னால் உருண்டுவரக் காணும் பெண்ணும் அந்த மண்ணுக்கு வெளியே பிறந்திருக்க இயலாதவர்கள்.

தருமபுரி மாவட்டத்து ஏரியூர் வட்டாரம் இவ்வகையில் வளமுடையது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் தேக்கத்துள் பல ஊர்கள் மூழ்கின. 120 அடி முழு நீர்மட்டத்திலிருந்து நீர் வெகுவாக இறங்கும் காலங்களில், இவ்வட்டாரத்துக் கரையூரான நாகமரைக்கு எதிர்க்கரையிலுள்ள பண்ணவாடியில் பழைய தேவாலயத்தின் கோபுரங்களும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளிப்படுகின்றன. இத்தகைய களத்தை அருகில் வைத்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்த மாளிகையில் வெள்ளைப்புடைவைப் பேயை உலவவிடுவது பெரும் வீணடிப்பு. அதே வேளையில், மூழ்கிய ஊர்களை விட்டுவந்தோரின் வழித்தோன்றல்கள் இக்கரைகளில் வாழ்கின்றனர் என்பதையும், இங்கு வேடியப்பன் என்னும் தெய்வமாக வணங்கப்படும் நடுகல் போரில் மாண்ட வீரனுக்கு எழுப்பிய நினைவுக்கல்லே ஒழியப் பேயின் இருப்பிடம் அன்று என்பதையும் திரைக்கதை மறத்தலாகாது. சாமியாடுதலைப் பேய்பிடித்தலாகக் காட்டும் பழக்கம் பிழை மட்டுமன்று, அவமதிப்புமாகும்.

பணம் செலவிட வேண்டிய இடம் ஒலி. காட்சி சற்று மங்கினாலும் பார்வையாளர் பொறுப்பர். உரையாடல் இரைச்சலில் அமிழ்ந்தால் பொறுப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு களத்திலும் எவரும் பேசாதிருக்கையில் அவ்விடம் எழுப்பும் இயல்பொலியை, ரூம் டோன் எனத் துறையினர் வழங்குவதை, சில நிமிடங்களேனும் தனியே பதிவுசெய்தல் வேண்டும். பரிசலின் அடியில் நீர் தட்டும் ஓசையும் வறண்ட சேற்றுப்படுகையில் வீசும் காற்றும் விலைக்கு வாங்கும் ஒலிக்கோப்புகளில் கிடைப்பதில்லை.

படப்பிடிப்பு நாட்களைக் குழு தன் வசதிப்படி வகுக்க இயலாது என்பதே இக்களத்தின் கடினம். காவிரிப் படுகைப் பாசனத்துக்கு மரபாக ஜூன் 12இல் அணை திறக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் வலுத்தால் சில நாட்களிலேயே தேக்கம் நிரம்பத் தொடங்கும். எனவே கோடைக்கு முன்பே ஒத்திகை முடித்து, உரிய துறையின் அனுமதியும் பெற்றுக் காத்திருப்பதோடு, நீர் இறங்காத ஆண்டுக்கென மற்றொரு காட்சியும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்: கோபுரமும் நந்தியும் தென்படாத நிறைநீரில், கீழே இருப்பதை அறிந்த ஒருவர் துடுப்பை ஆழமாக இறக்கத் தயங்கும் காட்சி.